ஒரு லட்சம் பவுண்டு மருந்து: அரசாங்கம் எப்படிப் பேரம் பேசுகிறது, ஏன் இத்தனை வருடம்?

வைகைக்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கிற ஒரு விஷயம், விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நாங்கள் 2016இல் மதுரையிலிருந்து லெஸ்டருக்குக் குடிவந்தபோது பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பன்னிரண்டு வயது. அவனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவியிலேயே வருவது. சளி பிசின் மாதிரி கெட்டியாகி நுரையீரலை அடைத்துக்கொள்ளும், சாப்பிட்டது செரிக்காது. இங்கே இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். காலை ஆறரை மணிக்கு அவன் அம்மா அவன் முதுகைத் தட்டித் தட்டிச் சளியை எடுக்கிற சத்தம் எங்கள் படுக்கையறையில் கேட்கும், ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரு நாள் தவறாது.

அந்த நோயின் வேருக்கே போகிற மருந்து ஆர்காம்பி, 2015இலேயே ஐரோப்பாவில் அனுமதி வாங்கிவிட்டது என்று அவர் சொன்னார். ஆனால் இங்கிலாந்தில் அது எல்லாருக்கும் கிடைத்தது 2019 கடைசியில்தான். நடுவில் அவர் எம்.பி.க்குக் கடிதம் எழுதினார், மனுவில் கையெழுத்து வாங்கினார், நானும் போட்டேன். பையன் இப்போது அதைவிடப் புதிய மருந்தில் இருக்கிறான், கல்லூரிக்குப் போகிறான், கால்பந்து ஆடுகிறான். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்று நாலைந்து வருடம் ஆகிறது.

யார்மேல் குற்றம் என்று சொல்ல நான் வரவில்லை, எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். கடைசியில் வாங்கத்தான் போகிறார்கள் என்றால் முதலிலேயே ஏன் வாங்கவில்லை? வருடத்துக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் பவுண்டு என்றார்கள், அந்த விலையையா கொடுத்தார்கள்? இல்லையென்றால் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எங்கே தேடினாலும் கிடைக்க மாட்டேன் என்கிறதே, அது ஏன்?

மாத்திரைப்பெட்டி

அக்கா, நான் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். விலை பேசுகிற மேசையில் உட்கார்ந்தவன் இல்லை, ஆனால் அந்த மேசையில் முடிவானது எதுவோ அதைத்தான் தினமும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அனுமதி வேறு, விலை வேறு. அனுமதி கொடுக்கிற அமைப்பு இந்த மருந்து வேலை செய்கிறதா, ஆபத்தில்லாததா என்று மட்டும் பார்க்கும். என்ன விலை என்று கேட்பது அதன் வேலையே இல்லை. அதற்கப்புறம் இங்கிலாந்தில் இன்னொரு வாசல் இருக்கிறது, அதன் பெயர் 'நைஸ்', 1999இல் தொடங்கினார்கள். அவர்கள் கேட்கிற கேள்வி: இந்தக் காசுக்கு நோயாளிக்கு எத்தனை நல்ல வருடம் கிடைக்கிறது? முழு ஆரோக்கியத்தோடு வாழ்கிற ஒரு வருடத்தை ஒரு 'குவாலி' என்று வைத்துக்கொள்வார்கள். பாதி ஆரோக்கியத்தோடு இரண்டு வருடம் வாழ்ந்தாலும் அது ஒரு குவாலிதான். ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை ஆகிற மருந்து என்றால் சரி என்பார்கள். பல வருடமாக இருந்த கோடு இது. அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தத்தை ஒட்டி இதை 25,000 முதல் 35,000 வரை ஏற்றுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தார்கள். 'நைஸ்' சரி என்று சொல்லிவிட்டால் வழக்கமாக மூன்று மாதத்துக்குள் இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அதைக் கொடுத்தே ஆக வேண்டும், அது சட்டக் கடமை. அதனால்தான் அந்த வாசலில் இத்தனை நெரிசல்.

இப்போது ஆர்காம்பி. பட்டியல் விலை, அதாவது நிறுவனம் வெளியே அறிவித்த விலை, ஆளுக்கு வருடத்துக்கு சுமார் 1,04,000 பவுண்டு, வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். பரிசோதனையில் கிடைத்த பலன் என்ன? நுரையீரல் திறன் சராசரியாக மூன்று சதவீதப் புள்ளி அளவுக்குத்தான் ஏறியது. தொற்று முற்றி ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரியான மோசமான கட்டங்கள் 30 முதல் 39 சதவீதம் வரை குறைந்தன, அதுதான் பெரிய விஷயம். நல்ல மருந்துதான், ஆனால் உங்கள் பக்கத்து வீட்டுப் பையன் இப்போது சாப்பிடுகிறது அதே நிறுவனத்தின் புதிய மருந்தான கேஃப்ட்ரியோவாக இருந்தால் அதோடு இதை ஒப்பிடவே முடியாது. அந்த விலைக்கு அந்தப் பலன் என்று போட்டுப் பார்த்தால் நான் சொன்ன அந்தக் குவாலி வரம்பைவிடப் பல மடங்கு மேலே போய்விட்டது. 2016 ஜூலையில் 'நைஸ்' பரிந்துரைக்க முடியாது என்று சொன்னது.

இதைக் கேட்டால் எவருக்கும் கோபம் வரும், ஒரு பிள்ளையின் மூச்சுக்கு விலை வைக்கிறார்களே என்று. எனக்கும் வந்தது. ஆனால் என்.எச்.எஸ். கையில் இருப்பது ஒரே பை. யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: இங்கே புதிதாகச் செலவாகும் ஒவ்வொரு 13,000 பவுண்டுக்கும் வேறெங்கோ ஒரு குவாலி பறிபோகிறது என்று. இடுப்பு அறுவைச் சிகிச்சைக்கு இன்னும் ஆறு மாதம் காத்திருக்கிற ஒரு கிழவி, மனநலப் பிரிவில் நிரப்பாமல் விட்ட ஒரு செவிலியர் இடம். அந்த இழப்பு யாருடையது என்று யாருக்கும் தெரியாது, அவர்களுக்காக மனு போடவும் ஆள் இல்லை.

அப்புறம் விலை. பட்டியல் விலையை நம் என்.எச்.எஸ். கொடுக்கவே இல்லை, அது நிச்சயம். பெரும்பாலான புதிய மருந்துகளுக்கு அப்படித்தான். பல நாடுகள் மற்ற நாடுகளின் பட்டியல் விலையைப் பார்த்துத் தங்கள் விலையை நிர்ணயிக்கின்றன. இங்கிலாந்தில் விலையைக் குறைத்தது வெளியே தெரிந்தால் நாளைக்கு அவர்களும் அதே விலைக்குக் கேட்பார்கள். அதனால் நிறுவனம் பட்டியலில் கை வைக்காமல், ரகசியமாகத் தள்ளுபடி கொடுக்கிறது. எங்கள் கணினியில்கூட எல்லாருக்கும் அந்த விலை தெரியாது. என்.எச்.எஸ். இதற்கு ஒப்புக்கொள்வதற்கும் காரணம் இருக்கிறது, வெளிப்படையாகக் கேட்டால் இந்தத் தள்ளுபடி கிடைக்காது.

2018 ஜூலையில் என்.எச்.எஸ். ஒரு தொகையை வெளிப்படையாகவே முன்வைத்தது: ஐந்து வருடத்துக்குச் சுமார் 50 கோடி பவுண்டு, பத்து வருடத்துக்கு 100 கோடி, இந்த நோய்க்கு இப்போதுள்ள மருந்துகளும் இனி வரப்போகிறவையும் சேர்த்து. ஆர்காம்பியைத் தயாரிக்கும் வெர்டெக்ஸ் நிறுவனம் மறுத்தது. 2019 மார்ச்சில் நாடாளுமன்றக் குழு இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்தது. அந்தச் செப்டம்பரில் ஸ்காட்லாந்து தனியாக ஒப்பந்தம் போட்டது, அக்டோபர் 24 அன்று இங்கிலாந்து. தொகை ரகசியம். சுமார் 5,000 பேருக்கு வழி பிறந்தது.

முதலிலேயே ஏன் வாங்கவில்லை என்று கேட்டீர்கள். முதலில் கேட்ட விலைக்கே வாங்கியிருந்தால் அடுத்த நிறுவனம் அதற்கு மேல் கேட்டிருக்கும். 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடிகிறவர் கையில்தான் பேரம் இருக்கிறது. அதை ஒரு தடவையாவது செய்து காட்டாமல் யாரும் நம்ப மாட்டார்கள்.

கரிசல்மண்

மாத்திரைப்பெட்டி சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் கடைசி வரியில் இருக்கிறது. எழுந்து போனவர்கள் யார்? இரண்டு பக்கமும் சம்பளம் வாங்குகிற அதிகாரிகள். அந்த 'வேண்டாம்'-ஐ மூன்று வருடம் தன் நுரையீரலில் சுமந்தது வேறு ஆட்கள். இந்த நோயில் நுரையீரல் ஒருமுறை கெட்டால் கெட்டதுதான், பழையபடி ஆகாது. மூன்று வருடம் என்பது அவர்களுக்கு வெறும் தாமதம் இல்லை.

இன்னொன்று, விலை எங்கிருந்து வந்தது என்பதையும் பேச வேண்டும். இந்த மருந்துகளின் ஆரம்ப ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவர்களில் முக்கியமானது அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை. நோயாளிகளின் குடும்பங்கள் நடந்தும் ஓடியும் விருந்து வைத்தும் திரட்டிக் கொடுத்த நன்கொடை அது. 2014இல் அந்த அறக்கட்டளை மருந்து விற்பனையில் தனக்கு வரவேண்டிய உரிமைத்தொகைப் பங்கை விற்றபோது கிடைத்தது 330 கோடி டாலர். அந்தப் பணம் மறுபடி ஆராய்ச்சிக்குத்தான் போகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஆபத்தையெல்லாம் நிறுவனம் மட்டுமே தாங்கியது, அதனால் இந்த விலை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஆர்காம்பியின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் காலாவதியாகி அழிக்கப்பட்டன என்பது 2019இல் வெளியே வந்தது. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அரசாங்கத்தின் கையில் வேறு ஆயுதமும் இருந்தது. பிரிட்டனின் 1977 காப்புரிமைச் சட்டத்தில் 55ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அரசின் தேவைக்காகக் காப்புரிமைக்காரரின் சம்மதம் இல்லாமலேயே ஒரு கண்டுபிடிப்பைப் பயன்படுத்தலாம், உரிய ஈட்டுத்தொகை கொடுத்தால் போதும். அர்ஜென்டினாவில் கடோர் என்ற கம்பெனி இதே மருந்தை ஜெனரிக்காக, அதாவது மலிவான நகல் மருந்தாகச் செய்துகொண்டிருந்தது. 2019 ஜூனில் இங்கே சில பெற்றோர்கள் 'வாங்குவோர் சங்கம்' ஒன்று சேர்த்து அங்கிருந்து வரவழைக்க ஏற்பாடு செய்தார்கள், வருடத்துக்குச் சுமார் 23,000 பவுண்டு, சிறு பிள்ளைக்கு 18,000. பட்டியல் விலையில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே! சாதாரண அம்மா அப்பாக்கள் செய்ததை ஒரு அரசாங்கம் செய்ய முடியாதா? கடைசி வரை அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தவில்லை. ஆனால் எம்.பி.க்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு, பெற்றோர்கள் அர்ஜென்டினாவுக்கு டிக்கெட் எடுக்க ஆரம்பித்த பிறகு, சில மாதத்தில் ஒப்பந்தம் வந்தது. 'வேண்டாம்' மட்டும் போதாது, 'உன்னை விட்டால் வேறு வழி இருக்கிறது' என்று காட்ட வேண்டும். இதை 2016இலேயே காட்டியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

மாத்திரைப்பெட்டி

கரிசல்மண் அண்ணே, நியாயம்தான். மூன்று வருடத்தைப் பற்றி நான் லேசாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். 55ஆம் பிரிவைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் மட்டும் சொல்கிறேன். காப்புரிமையை மீறி வாங்கினாலும் அந்த ஜெனரிக்குக்கு இங்கே அனுமதி வேண்டும், மூல மருந்தின் பரிசோதனைத் தரவுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது, ஈட்டுத்தொகை எவ்வளவு என்று நீதிமன்றம் போவார்கள். நாளைக்கே மாத்திரை வந்துவிடாது. ஆனாலும் மிரட்டலாகவாவது மேசையில் இருந்திருக்க வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான்.

ரைன்கரை

வணக்கம், நான் யாழ்ப்பாணம், இப்போது முப்பது வருடமாக ஜேர்மனியில். இங்கே முறை தலைகீழ், அதைச் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

2011 முதல் இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. மருந்துக்கு அனுமதி கிடைத்த கையோடு நிறுவனம் தான் விரும்பிய விலையில் விற்கத் தொடங்கலாம், காப்புறுதி காசு கட்டும், நோயாளி காத்திருக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் ஒரு கூட்டுக் குழு, ஏற்கெனவே இருக்கிற சிகிச்சையோடு ஒப்பிட்டால் இதில் கூடுதலாக என்ன பலன் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு காப்புறுதி நிறுவனங்களின் மத்திய சங்கம் விலை கதைக்கும். சரிவரவில்லை என்றால் நடுவர் குழு விலையைத் தீர்மானிக்கும். முன்பு முதல் ஒரு வருடம் முழுக்க நிறுவனத்தின் விலைதான் ஓடும். 2022 கடைசியில் கொண்டுவந்த சட்டத்தால் இப்போது பேசி முடித்த விலை ஏழாவது மாதத்திலிருந்தே செல்லுபடியாகும்.

கேட்க நன்றாக இருக்கிறதல்லவா, முதலில் மருந்து, பிறகு பேரம். ஆனால் அந்த ஆறு மாதத்துக்கு அவர்கள் கேட்ட காசை நாங்கள் எல்லோரும் காப்புறுதிச் சந்தாவில் கட்டுகிறோம். அதோடு, புதிதாகப் பலன் எதுவும் இல்லை என்று குழு சொன்னால் பழைய மருந்தின் விலையை ஒட்டித்தான் கொடுப்பார்கள், அப்போது நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடும். 2011இல் லினாக்ளிப்டின் என்ற சர்க்கரை நோய் மருந்து வந்தது, தயாரித்தது போரிங்கர் இங்கெல்ஹைம், சொந்த ஊர்க் கம்பெனி. பழைய மலிவு மருந்தோடுதான் ஒப்பிடுவார்கள் என்று தெரிந்ததும் ஜேர்மன் சந்தையிலேயே அதை இறக்கவில்லை. எழுந்து போவது அவர்களாலும் முடியும், அதை மறக்கக் கூடாது.

ரகசியத்தைப் பற்றி ஒன்று. ஜேர்மனியில் பேசி முடித்த விலை இத்தனை காலமும் வெளியே தெரியும், பல நாடுகள் அதைப் பார்த்துத்தான் தங்கள் விலையைப் போட்டார்கள். அதனாலேயே நிறுவனங்களுக்கு இது கண்ணில் தூசு. 2024இல் சட்டத்தைத் திருத்தி, இங்கே ஆராய்ச்சி நடத்துகிற நிறுவனம் 9 சதவீதம் கூடுதல் தள்ளுபடி கொடுத்தால் விலையை மறைத்து வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்துவிட்டார்கள். எங்களுக்கு 9 சதவீதம் மிச்சம். எங்கள் விலையைப் பார்த்துப் பேரம் பேசிய சின்ன நாடுகளுக்கு இனி அந்த வெளிச்சமும் இல்லை. 2019 மே மாதம் உலக சுகாதார மாநாட்டில் மருந்து விலைகளை வெளிப்படையாக்க இத்தாலி முன்னின்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தபோதும் ஜேர்மனியும் பிரிட்டனும் ஹங்கேரியும் விலகி நின்றன. இந்த நாட்டில் வரி கட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு அது வெட்கமாக இருந்தது.

வைகைக்கரை

ரொம்ப நன்றி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். ரைன்கரை ஐயா சொன்னதைப் படித்தபின் இன்னொரு கேள்வி. இங்கே இத்தனை பெரிய என்.எச்.எஸ்.ஸுக்கே இந்தப் பாடு என்றால் நம் ஊரில்? எங்கள் சொந்தக்காரர் குழந்தைக்கு எஸ்.எம்.ஏ. (தசைகள் செயலிழக்கிற பிறவி நோய்) என்று 16 கோடி ரூபாய் ஊசிக்காக வாட்சப்பில் பணம் திரட்டினார்கள். இங்கே அதே ஊசியை என்.எச்.எஸ். சும்மா போடுகிறது. தமிழ்நாட்டு அரசு மருந்து வாங்குவதில் கெட்டிக்காரர்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், அவர்களால் இதை வாங்க முடியாதா?

கிடங்குக்காரர்

தங்கச்சி, நான் சென்னையில் அரசு மருந்துக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் அது வேறு விளையாட்டு.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் வந்தது. அதற்கு முன்னால் மருந்து வாங்கிய கதையைச் சொன்னால் ஒரு நாள் போதாது. கழகம் வந்தபின் இரண்டு உறை டெண்டர்: முதல் உறையில் தகுதி, தொழிற்சாலை, தரச் சான்று. அதில் தேறினவர்களுக்கு மட்டும்தான் விலை உறையைப் பிரிப்போம். யார் குறைவோ அவர் எல்-1. மற்றவர்களையும் அந்த விலைக்கு ஒத்து வருகிறீர்களா என்று கேட்போம். மாநிலம் முழுக்க ஒரே கொள்முதல், மாவட்டத்துக்கு மாவட்டம் கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கிப் புத்தகம் மாதிரி ஒரு பாஸ்புக், அதில் இருக்கிற தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம். வந்த சரக்கை எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி பெயரை மறைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம். ராஜஸ்தான், கேரளா என்று பல மாநிலங்கள் இதைப் பார்த்துச் செய்தார்கள். பாராசிட்டமாலோ மெட்ஃபார்மினோ என்றால் இருபது கம்பெனி வரிசையில் நிற்கும், ஒருவரை வேண்டாம் என்று சொல்வது சுலபம், அடுத்தவர் தயாராக இருப்பார்.

காப்புரிமை உள்ள புது மருந்துக்கு ஒரே ஆள்தான் உறை போடுவார். அவர்தான் எல்-1, அவர்தான் கடைசி. அங்கே எங்கள் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் செல்லாது.

நீங்கள் சொன்ன ஊசி சோல்ஜென்ஸ்மா. இங்கிலாந்தில் அதன் பட்டியல் விலை 17.9 லட்சம் பவுண்டு, 2021 மார்ச்சில் என்.எச்.எஸ். ரகசியத் தள்ளுபடியில் ஒப்பந்தம் போட்டது. அவர்களால் முடிந்ததற்குக் காரணம், இந்த நோயோடு அங்கே பிறக்கும் குழந்தைகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஆள் பேசுகிறார். நம் ஊரில் ஒவ்வொரு அப்பா அம்மாவும் தனித்தனியாகப் போய் நிற்கிறார்கள், வாட்சப்பில் திரட்டிய பணத்தோடு. அவர்களிடம் யார் விலை குறைப்பார்கள்? மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி உண்டு. அது உதவித்தொகை, பேரம் இல்லை. 50 லட்சத்தைத் தீர்த்துவிட்டு அப்புறம் என்ன செய்வது என்று பலர் நீதிமன்றம் போனார்கள்.

ஆனால் இந்தியாவிடம் வேறு பலம் இருக்கிறது, மருந்து செய்யத் தெரிந்த கை. 2012 மார்ச்சில் பேயரின் நெக்சாவர் என்ற புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்தார்கள், அதாவது காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலேயே வேறு கம்பெனி செய்ய அனுமதி. மாதம் 2.8 லட்ச ரூபாய் இருந்ததை நாட்கோ என்ற இந்தியக் கம்பெனி 8,880 ரூபாய்க்குக் கொடுத்தது. அதோடு சரி, அதற்கப்புறம் எந்த மருந்துக்கும் அப்படி உரிமம் கொடுக்கவில்லை. 2025இல் அதே எஸ்.எம்.ஏ.வுக்கு வாய்வழியாகக் கொடுக்கிற ரிஸ்டிப்லாம் என்ற மருந்து விஷயத்தில் நல்லது நடந்தது. ரோஷ் நிறுவனத்தின் புட்டி சுமார் 6.2 லட்சம். நாட்கோ ஜெனரிக் செய்யக் கூடாது என்று ரோஷ் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. தடை கிடைக்கவில்லை, அப்பீலிலும் கிடைக்கவில்லை, அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாட்கோ வைத்த விலை புட்டிக்கு 15,900 ரூபாய்.

6.2 லட்சம், 15,900. இரண்டும் ஒரே மருந்துதான். உங்கள் சொந்தக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், அந்தக் குழந்தைக்கு இது பொருந்துமா என்று அவர்கள் மருத்துவரிடம் கேட்கட்டும்.

தென்கடல்

சுருக்கமாக ஆஸ்திரேலியாவிலிருந்து ஒன்று, ஏனென்றால் இதை யாரும் சொல்லவில்லை. ஹெப்படைட்டிஸ் சி-யைக் குணப்படுத்தும் மாத்திரைகள் வந்தபோது அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000. எந்த அரசாங்கமும் அதை எல்லாருக்கும் கொடுக்க முடியாது, அதனால் பல நாடுகளில் கல்லீரல் ஏற்கெனவே கெட்டவர்களுக்கு மட்டும் என்று வரிசை போட்டார்கள். ஆஸ்திரேலியா மாத்திரைக் கணக்கில் பேசவில்லை. ஐந்து வருடத்துக்குச் சுமார் 100 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று ஒரு உச்சவரம்பு வைத்து, அதற்குமேல் எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் கூடுதல் செலவு அநேகமாக இல்லை என்கிற மாதிரி நிறுவனங்களோடு முடித்தார்கள். 2016 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு தடவை அப்படி ஆனபின் அரசாங்கத்துக்கே ஆட்களைத் தேடிப் பிடித்துக் கொடுப்பதுதான் லாபம். சாதாரணக் குடும்ப மருத்துவரே எழுதிக் கொடுத்தார், சிறையில் இருப்பவர்களுக்கும் கொடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒப்பந்தம் இதுதான். இதிலும் தனித்தனி விலை ரகசியம்தான், ஆனால் மருந்துக்கு யாரும் வரிசையில் நிற்கவில்லை.

குணமாகிவிடுகிற நோய்க்கு இது சரி. வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுகிற மருந்துக்கு ஐந்து வருடம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும், அப்போது நோயாளிகள் எல்லாரும் அந்த மருந்தை நம்பி இருப்பார்கள், நிறுவனத்தின் கை ஓங்கிவிடும்.

மாத்திரைப்பெட்டி

தென்கடல் சொன்ன அந்தக் கடைசி விஷயம் இங்கே அப்படியே நடந்தது. 2019 ஒப்பந்தத்தின்போதும், கேஃப்ட்ரியோவுக்கு 2020இல் போட்ட ஒப்பந்தத்தின்போதும், இந்த சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் மருந்துகளை நிஜ வாழ்க்கைத் தரவோடு மறுபடி 'நைஸ்' முன்னால் கொண்டுவர நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. 2023 நவம்பரில் 'நைஸ்' வரைவு வந்தது: மருந்து அருமையாக வேலை செய்கிறது, ஆனால் இந்த விலைக்குப் பரிந்துரைக்க முடியாது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்களுக்கு நிறுத்த மாட்டோம் என்று உறுதி கொடுத்தார்கள், ஆனால் அப்புறம் பிறக்கப்போகிற பிள்ளைகள்? என்னிடம் மருந்து வாங்க வந்த ஒரு அம்மா, மூத்தவனுக்கு உண்டு, இப்போது வயிற்றில் இருக்கிறதுக்கும் இந்த நோய் இருந்தால் அதற்கு உண்டா என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 2024 ஜூனில்தான் புதிய ஒப்பந்தம் வந்தது, இனி கண்டுபிடிக்கப்படுகிறவர்களுக்கும் சேர்த்து. விலை, வழக்கம்போல, ரகசியம்.

வைகைக்கரை

அந்த ஏழு மாதம் பக்கத்து வீட்டு அம்மா முகத்தில் மறுபடி பழைய கவலையைப் பார்த்தேன், அப்போது காரணம் தெரியவில்லை, இப்போது புரிகிறது. கிடங்குக்காரர் அண்ணாவுக்குத் தனி நன்றி, ரிஸ்டிப்லாம் விஷயத்தை ஊருக்குச் சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. என்னோடு வேலை பார்க்கும் தோழிக்கு வேண்டிய ஒரு புற்றுநோய் மருந்து இப்போது 'நைஸ்' பரிசீலனையில் இருக்கிறதாம், வரைவில் 'இல்லை' என்று வந்திருக்கிறது. எங்களை மாதிரி ஆட்கள் சொல்லி அங்கே ஏதாவது நடக்குமா?

மாத்திரைப்பெட்டி

நடக்கும், வரைவு என்பது முடிவு இல்லை. வரைவு வந்தபின் சில வாரம் கருத்துச் சொல்ல அவகாசம் கொடுப்பார்கள், அவர்கள் இணையதளத்தில் அந்த மருந்தின் பக்கத்திலேயே படிவம் இருக்கும், நோயாளி, குடும்பத்தார், பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நிறுவனமும் விலையைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு திரும்பி வரும்.

'தயவுசெய்து அனுமதியுங்கள்' என்று மட்டும் எழுத வேண்டாம், அது அவர்கள் கணக்கில் எங்கேயும் ஏறாது. பரிசோதனைத் தரவில் தெரியாத விஷயங்களை எழுதச் சொல்லுங்கள்: இப்போதுள்ள சிகிச்சைக்கு மாதத்தில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் போகிறது, மற்ற நாட்களில் எழுந்து சமைக்க முடிகிறதா, வேலை போனதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவர் வேலையை விட்டாரா. பார்த்துக்கொள்கிறவரின் உடல்நலத்தில் வருகிற மாற்றத்தையும் 'நைஸ்' கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை.

ஆங்கிலம் தடுமாறினால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், தமிழில் சொன்னால் நான் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன். கடைசித் தேதி என்ன என்று மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள், மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள்.